பிள்ளை தவழும் தரை
ஒட்டிய பழைய விரிப்பை எடுக்கும் முறை



சிமெண்ட் தரை வெடித்துப் போனால், அதை மறைக்கப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை வாங்கிப் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம். "கார்பெட் போட்டாச்சு" என்று மனசும் நிறைந்துவிடுகிறது. ஆனால் நாலைந்து மழைக்காலம் போனபின் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தீர்களா?

கான்சாபுரம் மலையடிவாரத்து ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நனையும்போது ஈரம் தரை வழியே மேலே ஏறும். விரிப்பு அதை வெளியே விடாது. அடியில் கறுப்புப் பூஞ்சை பிடித்து, முடை நாற்றம் அடிக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்போருக்கு இளைப்பும் மூச்சுக் கோளாறும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தை தவழ்வதும் உறங்குவதும் அந்தத் தரையில்தான். ஆகவே கெட்டுப்போன விரிப்பை எடுத்துவிடுவதே நல்லது. எடுக்கும் முறைதான் முக்கியம்.

எப்போது, யார் செய்வது?

தை முதல் வைகாசி வரை காய்ச்சலான நாட்களில் செய்யுங்கள். குனிந்து நிமிரும் இந்த வேலை கணவருடையது. கர்ப்பிணி, கைக்குழந்தை, இளைப்பு உள்ள பெரியவர் யாரும் அப்போது வீட்டில் இருக்கக் கூடாது. வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீடு போயிருக்கும் நாட்கள் இதற்குத் தோதானவை.

செய்யும் முறை

1. கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். கையுறையும் செருப்பும் அணியுங்கள்.

2. விரிப்பை ஓர் அடி அகலப் பட்டைகளாகக் கத்தியால் கீறுங்கள். மூலையிலிருந்து மெள்ள உரித்துச் சுருட்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சிமெண்டும் பெயர்ந்து வரும்.

3. மிச்சப் பசைமேல் சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்த சாக்கை விரியுங்கள். கால்மணி நேரம் ஊறியபின் பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். இளகாத ரப்பர் பசையையும் நனைத்தே சுரண்ட வேண்டும். காய்ந்த தரையைத் தேய்த்தால் கிளம்பும் சிமெண்ட் தூசி நெஞ்சுக்குக் கெடுதி. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது.

4. கழுவிவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நாலு ஓரமும் நாடாவால் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்துக் கோத்திருந்தால் தரையில் இன்னும் ஈரம் உண்டு. அதன்மேல் மறுபடி எதையும் ஒட்டாதீர்கள். வெடிப்பைக் கொத்தனாரை வைத்துப் பூசுங்கள். வேண்டும்போது விரித்து, தினமும் சுருட்டி வைக்கும் கோரைப்பாய் போதும்.

செய்யக் கூடாதவை

"இதுக்குப் போய் இவ்வளவு பாடா? கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினா பசை தன்னால வந்துரும்" என்பார்கள். கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து அடுத்த அறை அடுப்பு வரை போய்த் தீப்பிடிக்கும். தின்னரும் அப்படித்தான். தின்னர் ஆவி தலைசுற்றலைத் தரும். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆகாது. மண்ணெண்ணெயும் வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும்.

உரித்த விரிப்பைப் போகிக்கு எரிக்கலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். அடுப்பிலும் போடாதீர்கள். அந்தப் புகை கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். ஊராட்சித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

தீப்புண் பட்டால்

20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். மையோ, மாவோ, பற்பசையோ தடவாதீர்கள். உடனே 108க்குச் சொல்லுங்கள்.

பெட்ரோல் ஊற்றினால் ஒரு மணியில் முடியும். வெந்நீர் வைத்தால் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளைப் பார்க்காதீர்கள். தொட்டில் கட்டும் முன்பே தரையைச் சரி செய்து வையுங்கள்.