மோட்டார் சைக்கிளைப் பற்றிய இருவகைச் சான்றுகள்

ஒரு பொருளின் தன்மையை அறிதற்குக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை நம் முன்னோர் வகுத்தனர். தானே கண்டறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் சொல்லை ஏற்பது உரை. இவை தருக்க நூல் பயில்வார்க்கு மட்டும் உரியன என்று நினைத்தல் தவறு. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் புகும் இளைஞனுக்கும் இவை வேண்டப்படுவனவே. வாங்குமுன் அவனுக்குக் கிடைக்கும் காண்டல் மிகச் சிறிது. கடைத்தெருவில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதோடு அது முடிந்துவிடுகின்றது. ஆகவே அவன் பிறர் உரையையே சார்ந்து நிற்கின்றான். அவ்வுரை இருவகைப்படும். பத்திரிகைக்காக வண்டிகளை ஓட்டிப் பார்த்து மதிப்புரை வரைவோர் கூற்று ஒன்று. விலை கொடுத்து வாங்கிப் பல்லாண்டு ஓட்டியவர் கூற்று மற்றொன்று. இவ்விரண்டும் முரண்படுமிடத்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது உளுந்தூர்பேட்டையில் நிகழ்ந்த ஒரு செய்தி. சென்னையினின்று திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரிவது அவ்வூரிலேதான். அங்கே வாழும் நம் அத்தை மகனார் துணி வாணிகம் செய்பவர். கள்ளக்குறிச்சி வழியாகக் கச்சிராயபாளையம் சென்று, மலைப்பாதை ஏறி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை முதலிய ஊர்களில் துணி விற்று, மீளும்போது கடுக்காயும் புளியும் கொணர்வது அவர் வழக்கம். இதன்பொருட்டு மனைவியாரின் வளையல்களை அடகு வைத்து, எஞ்சிய தொகைக்குத் தவணைக் கடன் பெற்று, நூறு சி.சி. அளவுள்ள வண்டியொன்று வாங்கினார். அவ்வண்டியைப் பத்திரிகை ஒன்று பெரிதும் புகழ்ந்திருந்தது. எட்டுத் திங்களில் அதன் கிளச்சுத் தகடுகள் தேய்ந்து, மலைப்பாதையின் நடுவில், மழையில், சுமையோடு வண்டி நின்றுவிட்டது. பழுது பார்க்கும் செலவு ஒருபுறம், நின்றுபோன வாணிகம் ஒருபுறம், தவணை ஒருபுறமாக அக்குடும்பம் மூன்று திங்கள் அல்லலுற்றது. "பத்திரிகைக்காரன் பொய்யன்" என்பதே அன்றுமுதல் அவர் பேச்சு.

ஆனால் அதே தெருவில் அதே வகை வண்டியை மூன்றாண்டாக வைத்திருந்த பள்ளியாசிரியர் ஒருவர், தமக்கு ஒரு குறையும் நேர்ந்ததில்லை என்று உறுதியாகக் கூறினார். இருவரும் பொய் கூறுபவர் அல்லர். இவ்வழக்கைத் தீர்த்து வைத்தவர் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரே. அவர் வண்டியைப் பார்க்குமுன் நம் உறவினரைப் பார்த்து, "தம்பி, எவ்வளவு சுமை, எந்த வழி, கிளச்சை எப்படிப் பிடிக்கிறாய்?" என்று வினவினார். மூன்று மூட்டைச் சுமையுடன், செங்குத்தான வளைவுகளில், கிளச்சைப் பாதி அழுத்தியபடியே ஏறுவது நம் உறவினர் பழக்கம் என்பது வெளிப்பட்டது. பாதி அழுத்திய கிளச்சில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, வெப்பமுற்றுத் தேய்கின்றன. ஆசிரியரோ சமநிலத்தில் தாம் ஒருவராகப் பள்ளிக்குச் சென்று மீண்டவர். பத்திரிகையின் மதிப்புரை ஆசிரியர் திறத்தில் மெய்யாயிற்று. நம் உறவினர் திறத்தில் பயனற்றதாயிற்று. அவர் வினவிய வினாக்களே இக்கட்டுரையின் கருவாகும்.

இனி, மதிப்புரை வரைவோரின் வன்மையையும் மென்மையையும் காண்போம். அவர்களுக்குள்ள பெருஞ்சிறப்பு ஒப்புநோக்கும் வாய்ப்பு. ஒரே சாலையில், ஒரே நாளில், பல வண்டிகளை ஓட்டி, வேகம், தடை பிடித்தபின் நிற்கும் தூரம், வளைவில் நிலைபெறுதல், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஓடும் தூரம் ஆகியவற்றை அவர்கள் அளந்து காட்டுகின்றனர். ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு இவ்வறிவு வாய்ப்பதரிது. 2007-ஆம் ஆண்டு தோன்றிய 'மோட்டார் விகடன்' போன்ற இதழ்களால் இவ்வகை அறிவு தமிழிலேயே கிடைக்கலாயிற்று. இது சிறு நன்மையன்று. ஆயினும் பெரும்பாலும் அவர்கள் கையில் வண்டி இருப்பது சில நாட்களே. வண்டியோ செய்தவர் தெரிந்து அனுப்பியது, புதியது, நன்கு சீர்செய்யப்பெற்றது. இரண்டாம் ஆண்டில் துருப்பிடிப்பதும், மூன்றாம் ஆண்டில் உதிரி உறுப்புக் கிடையாமல் போவதும் அவர் கண்ணுக்கு எட்டா. அன்றியும், வண்டி செய்வோரின் விளம்பரத்தால் வாழும் பத்திரிகை, குறையைக் கூறுங்கால் மெல்லிய சொற்களையே நாடும் என்பதும் மறக்கற்பாலதன்று.

மலைநாட்டார்க்கு வேண்டிய செய்தி சமவெளிச் சோதனையில் வெளிப்படாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இரண்டடி யந்திரங்கள் நம் நாட்டில் மிகுதியாக ஓடிய காலத்தில், பலவற்றில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்றுவர். பெட்ரோல் செல்லும்போதே எண்ணெயும் உடன் சென்று பிஸ்டனை நனைக்கும். நீண்ட இறக்கத்தில் விசையை முற்றும் மூடிக்கொண்டு, யந்திரத்தின் இழுப்பையே தடையாகக் கொண்டு இறங்கினால், பெட்ரோல் குறைய எண்ணெயும் குறையும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும். இடையிடையே விசையைச் சிறிது திறந்து மூடவேண்டும் என்பதை மலையில் ஓட்டியவர் பட்டறிந்து கற்றனர்.

இனி, உடையவர் கூற்றை நோக்குவோம். நாள், மழை, சுமை, செலவு ஆகியவை அவர்க்கு ஆசிரியராதலின் அவர் சொல்லுக்குத் தனி வலியுண்டு. எனினும் அதிலும் குற்றங்கள் புகுகின்றன. முதலாவது, பழகிய குறை குறையாகத் தோன்றுவதில்லை. இதற்குப் புல்லட்டே தக்க சான்று. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்தாரும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி 1955-ஆம் ஆண்டு என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். திருவொற்றியூரில் எழுந்த அதன் தொழிற்சாலையில் 350 சி.சி. புல்லட் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துத் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பின்னரும் இங்கே அவ்வண்டி பிறந்துகொண்டே இருந்தது. அப்பழைய புல்லட்டில் மூட்டுவாய்களில் எண்ணெய் கசியும். அதனை உதைத்து எழுப்புவதும் ஒரு கலை. மின்னளவைக் காட்டும் முள் நடுவில் வந்து நிற்கும்வரை மெல்ல மிதித்து, சிறு நெம்பைப் பிடித்து உள்ளழுத்தத்தை நீக்கிச் சற்றே நகர்த்தி, பின்னரே ஓங்கி உதைத்தல் வேண்டும். இருபதாண்டு அதனை வைத்திருந்தவரை "தொல்லை உண்டோ?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்பார். கிழமைதோறும் மறைகளை முடுக்குவதை அவர் தொல்லையாக எண்ணுவதில்லை. அதனை வளர்ப்பு என்று எண்ணுகின்றார்.

இது நம் நாட்டார்க்கு மட்டும் உரிய இயல்பன்று. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு தோன்றிய நுகர்வோர் சங்கத்தின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் பத்திரிகை விளம்பரம் ஏற்பதில்லை. தன் வாசகர் பல்லாயிரவரிடம் வினாக்கள் விடுத்து அவர்தம் அநுபவத்தைத் தொகுப்பது. மோட்டார் சைக்கிள்களைப் பற்றி 2015-இல் அது வெளியிட்ட கணக்கில், நான்காண்டுக்குள் பெரும்பழுதுற்றவை யமஹாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 11, ஹார்லி டேவிட்சனில் ஏறத்தாழ 26. எனினும் ஹார்லி உடையவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் மீண்டும் அதனையே வாங்குவோம் என்றனர். ஆகவே "பிடித்திருக்கிறதா?" என்னும் வினாவும் "பழுதுற்றதா?" என்னும் வினாவும் வேறு வேறு என்பது தெளிவாகின்றது.

இரண்டாவது, எண்ணிக்கையில் நேரும் மயக்கம். ஓர் ஊரில் ஒருவகை வண்டி 800, மற்றொரு வகை 100 உள்ளன என்று கொள்வோம். ஓராண்டில் முன்னதில் 80-உம் பின்னதில் 30-உம் பட்டறைக்கு வந்தால், பட்டறையில் நிற்பவர்க்கு முன்னதே மிக்க குறையுடையதாகத் தோன்றும். நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டாலோ முன்னது 10, பின்னது 30. மூன்றாவது, தம் தவற்றை மறத்தல். எண்ணெய் மாற்றாததையும் சங்கிலியை இறுக்காததையும் யாரும் தாமே முன்வந்து கூறார்.

ஆகவே, வாங்கப் புகும் மாணவ நண்பர்கள் எச்சான்றையும் கீழ்வரும் வினாக்களால் உரைத்துப் பார்த்தல் நலம்.

ஒன்று: இவர் எத்துணைக் காலம், எத்துணைத் தூரம் ஓட்டினார்? இரண்டு: எந்தச் சாலையில், எந்தச் சுமையோடு? நம் பயன் அதனை ஒத்ததோ? மூன்று: எவ்வாறு பேணினார்? நான்கு: அவர் கூறுவது எத்தனை வண்டிகளுள் எத்தனையைப் பற்றி? ஐந்து: அவர் வண்டி எந்த ஆண்டினது? பெயர் ஒன்றாயிருப்பினும் பொருள் ஒன்றன்று. புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு யந்திரம் 2010-ஐ ஒட்டி நீங்கிப் புதியது வந்தது; 2023-இல் மீண்டும் மாறியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் பீச்சும் கருவி இடம்பெறலாயிற்று. தாத்தா வழியோரத்தில் ஊசித்துளையை ஊதிச் சரிசெய்த கைவைத்தியம் பேரன் வண்டிக்குப் பொருந்தாது. ஆறு: இவர் சொல்லால் இவர்க்கு ஊதியம் உண்டோ?

தடையும் நிலைப்பும் வேகமும் பற்றிப் பத்திரிகையைக் கேட்க. தேய்வும் செலவும் உதிரி உறுப்பும் பற்றி உடையவரைக் கேட்க. அவருள்ளும் நம்மைப்போல் வாழ்பவரைத் தேர்ந்து, ஒருவரைக் கேளாது பலரைக் கேட்க.

நம் அத்தை மகனார் பின்னர் அவ்வண்டியை விற்கவில்லை. சுமையை இரு நடையாகப் பகுத்தார். கிளச்சை முழுதும் விட்டு, முதற்கியரில் ஏறக் கற்றார். கடனும் தீர்ந்தது, வளையல்களும் மீண்டன. இன்று அவரிடம் யாரேனும் அவ்வண்டியைப் பற்றிக் கேட்டால், நல்லதென்றோ தீயதென்றோ உடனே விடை கூறுவதில்லை. "எந்த வழியில் ஓட்டப் போகிறீர்கள்?" என்றே முதலில் கேட்கின்றார். சான்று கூறுவார் அனைவரும் இங்ஙனம் கேட்டுக் கூறுவராயின், வாங்குவார் பலர் துன்பத்தினின்றும் தப்புவர்.