பூ விழுந்த கண்ணுக்கு வேறொரு கருவிழி: கொடுக்கும் வீடும் வாங்கும் வீடும் தெரிந்துகொள்ள வேண்டியவை



கண்தானம் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் கூட்டங்களில் இரண்டு கேள்விகள் வரும். "கொடுத்த கண்ணையெல்லாம் அப்படியே வச்சிருவாங்களா?" என்பது ஒன்று. "ஆபரேஷன் செஞ்ச கண்ணு திரும்பவும் மங்கிப் போகுதே, ஏன்?" என்பது மற்றொன்று. இந்த மாதப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்.

கருவிழியில் பூ விழுவது எப்படி?

கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதுதான் கருவிழிப் படலம். அதில் புண் வந்து ஆறினால் வெள்ளைத் தழும்பு விழும். அதைத்தான் "பூ விழுந்திருக்கு" என்கிறோம். கடையநல்லூர்ப் பக்கம் கார் அறுவடையானாலும் பிசான அறுவடையானாலும் நெல் தோகையும் தூசியும் கண்ணில் அடிப்பது வழக்கம். 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பூஞ்சைக் கிருமி. அதனால் கண்ணில் பச்சிலைச் சாறு, தாய்ப்பால் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் மோசமாகும்.

தழும்பான பகுதியை எடுத்துவிட்டு, இறந்தவரின் தெளிவான கருவிழியை வைத்துத் தைப்பதுதான் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை. முழுக் கண்ணையும் மாற்றுவதில்லை. நரம்பு கெட்டுப் போன கண்ணுக்கு இது பலன் தராது.

1905-ல் ஐரோப்பாவில் எட்வர்டு சிர்ம் என்ற டாக்டர் இதை முதன்முதலில் வெற்றியாகச் செய்தார். சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளிக்குச் செய்தார். ஒரு கண்ணில் வைத்தது நிலைக்கவில்லை, மற்றது நிலைத்தது. நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் முத்தையா.

கொடுத்த கண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கருவிழியின் உட்புறத்தில் ஒரு வரிசை செல்கள் உண்டு. வயலில் தண்ணீர் தேங்கினால் நாம் வடித்துவிடுவது போல, கருவிழியில் நீர் தேங்காமல் இந்தச் செல்கள் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இவை செத்தால் மறுபடி முளைக்காது. குறைந்துவிட்டால் கருவிழி ஊதி வெளுத்துவிடும்.

அதனால் கண் வங்கியில் இந்தச் செல்களைக் கருவி வைத்து எண்ணுகிறார்கள். பார்வைக்காக வைக்கும் கருவிழியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பொதுவாக 2,000 செல்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். அதற்குக் குறைந்தாலும் வீண் இல்லை. புண்ணால் ஓட்டை விழுந்த கண்ணைக் காப்பாற்றவும், டாக்டர்களின் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும்.

கொடுப்பவரின் ரத்தத்தையும் எடுத்து எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் உண்டா என்று சோதிப்பார்கள். இறப்புக்கான காரணத்தைக் கேட்பார்கள். இதில் எதையும் மறைக்கக் கூடாது. முக்கியமாக நாய் கடித்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஒரே கொடையாளரின் கருவிழிகளைப் பெற்ற இரண்டு பேர் வெறிநோயால் இறந்தது பற்றி 1988-ல் நம் நாட்டு டாக்டர்களே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடி, கண்புரை ஆபரேஷன் இருந்தவர்களும் கொடுக்கலாம். வயது தடையில்லை.

கொடுக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை

1. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கடையநல்லூரிலிருந்து திருநெல்வேலிக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஆகவே உடனே போன் செய்யுங்கள்.
2. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள்.
3. தலைக்குத் தலையணை வைத்து உயர்த்துங்கள்.
4. ஃபேனை நிறுத்துங்கள். கருவிழி காய்ந்தால் கெட்டுவிடும்.
5. இறப்புச் சான்று, நெருங்கிய உறவினரின் சம்மதம் தயாராக இருக்கட்டும். முன்பே எழுதிக் கொடுக்காவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும்.

எடுக்க அரை மணி நேரம்தான் ஆகும். முகம் விகாரமாகாது. அடக்கமோ தகனமோ தாமதப்படாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்ணை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

எடுத்த கருவிழியைத் திரவத்தில் குளிர்நிலையில் வைப்பார்கள். ஒரு வகைத் திரவத்தில் 4 நாள் தாங்கும். மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்றவற்றில் 14 நாள் வரை தாங்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்கள்

நல்ல கருவிழி கிடைத்தாலும் வேலை முடிந்துவிடவில்லை.

- உடல் ஏற்காமல் போவது: வேறொருவரின் திசு என்று உடம்பு எதிர்க்கும். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். சீக்கிரம் போனால் மருந்திலேயே பெரும்பாலும் சரிசெய்யலாம்.
- கிருமித் தொற்று: தையல் தளர்ந்தால் அதன் வழியே கிருமி புகும். பழைய பூஞ்சையும் திரும்ப வரலாம்.
- கண் நீர் அழுத்தம்: சொட்டு மருந்தாலும் கூடலாம். வலி தெரியாமலே நரம்பைக் கெடுக்கும். அதனால்தான் அடிக்கடி வரச் சொல்கிறார்கள்.
- தையல் பிரிவது: அடிபட்டால், பல வருடம் கழித்தும் கண் பிரிந்துவிடலாம்.
- கோணல் பார்வை: தையலால் வளைவு மாறும். கண்ணாடி தேவைப்படும். பார்வை தெளிய ஒரு வருடம்கூட ஆகலாம்.

நான்கு அறிகுறிகளை மனப்பாடம் செய்யுங்கள்: கண் சிவப்பது, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, வலி. ஒன்று வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஆபரேஷன் இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் கட்டணமும் விட்ட கூலியும் நம் கைக்காசுதான். அந்தச் செலவுக்குப் பயந்து ஒரு தவணை போகாமல் விட்டால், ஒரு குடும்பம் துக்கத்திலும் மனமுவந்து கொடுத்த கண் வீணாகிவிடலாம். ஆகவே இப்படிப்பட்ட உறுப்பினருக்குச் சிறுகடனை முன்னுரிமையாகக் கொடுங்கள். போகும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி ஊக்குநர் ஞாபகப்படுத்தட்டும். அருகிலுள்ள கண் வங்கியின் போன் நம்பரையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் தெருவில் கண்ணில் பூ விழுந்தவர் யார் யார்? டாக்டரிடம் காட்டினார்களா?
2. அந்த நான்கு அறிகுறிகள் எவை? ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள்.
3. நம் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் கண் வங்கிக்கு யார் போன் செய்வது? இன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.