எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏன் கரித்தது?

போன வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலையில், உம்மா ஊற்றிக் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "தண்ணி கரிக்குது" என்றார். சவர்க்காரமும் நுரைக்கவில்லை. உம்மா தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துப் பார்த்தார். அப்போதும் அதே சுவைதான்.

"இன்னும் ரெண்டு கொட்டு இறக்கினா நல்ல தண்ணி வரும்" என்று வாப்பா முடிவெடுத்தார். அந்த வாரம்தான் வகுப்பில் நீரின் இயல்புகளைப் படித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாடத்துக்கும் எங்கள் கிணற்றுக்கும் உள்ள தொடர்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீர் ஏன் உப்பைக் கரைக்கிறது?

ஒரு நீர் மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள்ளன. அவை நேர்கோட்டில் இல்லாமல் 104.5 பாகை கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுப்பதால் அப்பக்கம் சிறிது மறையேற்றமும் ஐதரசன் பக்கம் சிறிது நேரேற்றமும் பெறுகின்றன. இதுவே நீரின் முனைவுத்தன்மை.

உப்பை நீரில் இட்டால் சோடியம் அயனை ஒட்சிசன் பக்கங்களும் குளோரைட்டு அயனை ஐதரசன் பக்கங்களும் சூழ்ந்துகொள்கின்றன. கொதிக்க வைக்கும்போது நீர் மட்டுமே ஆவியாகும். அயன்கள் பாத்திரத்திலேயே தங்கிவிடும். எனவே உம்மா கொதிக்க வைத்த தண்ணீரில் உப்புச் செறிவு சற்றுக் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

அயன்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால், உப்புக் கரையும்போது திணிவு கூடும் அளவுக்குக் கனவளவு கூடுவதில்லை. அதனால் அடர்த்தி கூடுகிறது. ஒரு கன மீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1000 கிலோகிராம். கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோகிராம். வித்தியாசம் 25 கிலோகிராம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கிணறுகள் அந்த 25 கிலோகிராமை நம்பித்தான் இருக்கின்றன.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

காத்தான்குடிப் பக்கம் நாங்கள் வாழும் நிலம், கிழக்கே கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். வாவியும் கடலோடு முகத்துவாரத்தில் கலப்பதால் உவர்நீர்தான். இரண்டு பக்கமும் உப்பு இருக்க, நடுவில் நன்னீர் எப்படி வந்தது? மாரி மழை மணலில் இறங்கி, அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 பங்கு உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 பங்கு நன்னீர் இருக்கலாம். நீர்மட்டம் 25 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் கீழே 10 மீற்றர். மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 10 சென்ரிமீற்றர் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் மேலே ஏறிவிடும்! நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடத்தில் கலப்பு ஏற்படுவதால், உண்மையில் கிடைக்கும் நன்னீர் இதைவிடக் குறைவே.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு லீற்றர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, நிறமூட்டி, கண்ணாடிக் குவளையில் பாதிவரை ஊற்றுங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகில் பட்டு வழியும்படி நன்னீரை மெதுவாக ஊற்றினால் இரண்டு அடுக்காக நிற்கும். வேகமாகக் கலக்கினால் அடுக்கு குலைந்துவிடும்.

உம்மா சொன்ன கதை

நான் இந்தக் குவளையைக் காட்டியபோது உம்மாவுக்குச் சுனாமி நினைவு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் எங்கள் கரையோரக் கிணறுகளை நிரப்பியது. "உப்புப் போகட்டும் எண்டு நாங்க இறைச்சுக்கிட்டே இருந்தோம். இறைக்க இறைக்கக் கரிப்புத்தான் கூடிச்சு" என்றார். காரணம் இப்போது விளங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது, கீழே இருந்த உவர்நீரையும் மேலே இழுத்துவிடுகிறோம். அந்தக் கிணறுகளைத் தேற்றியது பின்னர் வந்த மாரி மழைகள்தான்.

"வாப்பா, கொட்டு இறக்காதீங்க. கீழே போகப் போக உப்புத்தான்" என்றேன். அவர் குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டு இறக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, மோட்டரின் உறிஞ்சு குழாயை அடியிலிருந்து உயர்த்திக் கட்டினார். ஒரேயடியாகத் தாங்கியை நிரப்பாமல், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தோம். கரிப்பு உடனே போகவில்லை. ஆனால் கூடவும் இல்லை. மாரி மழை பெய்த பிறகுதான் உம்மாவின் தேநீர் பழைய சுவைக்கு வந்தது.

எங்கள் வளவு மதிலுக்குள் இருந்தாலும், கிணற்றுத் தண்ணீர் மதிலோடு நின்றுவிடுவதில்லை. ஒரே வில்லையிலிருந்துதான் ஊரே அள்ளுகிறது. நாங்கள் அதிகமாக இறைத்தால் அடுத்த வீட்டு மாமியின் கிணறும் கரிக்கும். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து', அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு தண்ணீரில் வுழூச் செய்ததாக ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்யும் நாங்கள், இந்த மணலுக்கடியில் மிதக்கும் நன்னீரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி