பிள்ளையின் இரண்டாவது பலகை

யாழ்ப்பாணத்தில் வளரும் பிள்ளைக்கு அலைச்சறுக்குப் பலகை வாங்கும்போது முதலில் கடலை யோசிக்க வேண்டும். பலகையைப் பிறகு யோசிக்கலாம். எங்களைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் கடல் இருக்கிறது, ஆனால் சறுக்குவதற்கு ஏற்ற அலை இல்லை. காரைநகர்க் கசூரினாவில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறாது. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், எதிரே இந்தியக் கரை. பெருங்கடலில் இருந்து வரும் நீண்ட அலைக்கு உள்ளே நுழைய வழியில்லை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கரையோரம் முருகைக்கல். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, நாகர்கோவில் கரைகள் வங்காள விரிகுடாவைப் பார்த்திருப்பதால் வாடைக்காலத்தில் அங்கே அலை எழும்பும். அது காற்றுக் கிளப்பிவிடும் குழம்பிய அலை. கரைக்கு வந்து ஒரேயடியாகச் சரிந்து விழும், நீரோட்டமும் பலமாக இருக்கும். கடற்றொழிலாளரே பார்த்துப் பார்த்து இறங்கும் அந்த நாட்களில் எந்தப் பிள்ளையையும் பலகையோடு அங்கே விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே எங்கள் பிள்ளைகள் சறுக்கப் பழகுவது அம்பாறை மாவட்டத்தின் அறுகம்குடாவில்தான். ஏப்ரலில் இருந்து ஒக்ரோபர் வரை தென்சமுத்திரத்துப் புயல்கள் கிளப்பும் அலை அங்கே ஒழுங்காக வந்து சேரும். யாழ்ப்பாணத்தில் இருந்து தரைவழியாக ஏறக்குறைய ஒரு நாள் பயணம். பாடசாலை விடுமுறையில்தான் போகலாம். பதினொரு வயதான என் மகள் அங்கேதான் 7 அடி ஃபோம் போர்டில் பழகினாள். பக்கத்துப் பொத்துவிலில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பருவம் முழுக்க வாசலில் அலை. எங்கள் பிள்ளைக்கு வருடத்தில் சில கிழமைகள் கிடைத்தால் பெரிது. இரண்டாவது பலகை பற்றி நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வருகிறது.

முதற்பலகையில் எழுந்து நிற்கத் தொடங்கியதும் பிள்ளைகளின் கண் போவது கூர்மூக்குச் சின்னப் பலகை மேல். என் மகளும் கடையில் 5 அடி 2 அங்குலத்தில் ஒரு வெள்ளைப் பலகையைத் தூக்கி வைத்துக்கொண்டு விடவில்லை.

“அம்மா, இதுதான் வேணும். அந்த அண்ணா ஓடுறதும் இப்பிடித்தான்.”

அவளுக்குப் பழக்கிய பொத்துவில் தம்பி சிரிக்காமல், பொறுமையாகப் பதில் சொன்னார். “தங்கச்சி, அந்த அண்ணன் வருசம் முழுக்கக் கடலுக்குள்ளதான். நீங்க லீவுக்குத்தானே வாறீங்க?” பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, பிள்ளைட நிறை எவ்வளவு?” என்று கேட்டார்.

உயரத்தைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கவில்லை. பலகை பிள்ளையைத் தாங்குவது அதன் கனவளவால்தான். பல பலகைகளின் அடியிலேயே அதை லீற்றரில் எழுதியிருப்பார்கள். பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: பழகும் நிலையில் இருப்பவருக்கு ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் வேண்டும். நன்றாகத் தேர்ந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவான கனவளவில் ஓடுவார்கள். என் மகளின் நிறை 34 கிலோ. அவள் தூக்கி வைத்திருந்த பலகை 21 லீற்றர். அவள் பழகிய ஃபோம் போர்ட் 50 லீற்றருக்கு மேல். ஒரே தாவலில் அரைவாசிக்கும் கீழே இறங்கினால் என்ன நடக்கும்? பலகை தண்ணீருக்குள் அமிழும். கையால் வலித்தாலும் வேகம் பிடிக்காது, அலை அவளைத் தாண்டிப் போய்விடும். நேற்றுவரை ஒரு காலையில் பத்து அலை பிடித்த பிள்ளை இன்று ஒன்றும் பிடிக்காமல் அழுதுகொண்டு கரைக்கு வரும். ஊர்ப்பிள்ளைக்கு அடுத்த நாளும் அலை இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு விடுமுறை முடிந்துவிடும்.

நாங்கள் எடுத்தது 6 அடி 2 அங்குல நீளம், இருபதரை அங்குல அகலம், இரண்டரை அங்குலத் தடிப்பு. ஏறக்குறைய 35 லீற்றர். அவளுடைய உயரத்தை விட ஒன்றரை அடி கூட. அவள் கேட்டதைப் போலக் கூர்மூக்கு அல்ல, உருண்டையான மூக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இரண்டாவது பலகை முதலாவதை விட ஒரு படிதான் சிறிதாக இருக்கவேண்டும். இரண்டு படி இறங்குவதற்கு எங்களிடம் அலை நாட்கள் இல்லை.

லீற்றர் மட்டும் பார்த்தாலும் போதாது. அதே 35 லீற்றரை ஒடுங்கிய, தடித்த பலகையிலும் அடைக்கலாம். அது பக்கவாட்டில் உருளும். படுக்கும்போது நெஞ்சு வரும் இடத்தில் அகலம் இருக்கவேண்டும். ஆனால் பிள்ளையின் கை பலகையின் இரு பக்கத்தாலும் தண்ணீருக்குள் முழங்கை வரை தாராளமாக இறங்கவும் வேண்டும். கடையின் நிலத்தில் ஒரு துவாயை விரித்து, அதன் மேல் பலகையை வைத்து, பிள்ளையைப் படுக்கச் சொல்லி வலித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோள் தூக்கிக்கொண்டு, முழங்கை விளிம்பில் உரசினால் அகலம் கூடிவிட்டது. அதே நேரம் பக்கத்தில் குந்தியிருந்து மூக்கின் வளைவையும் பாருங்கள். வளைவு கூடினால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும். வளைவே இல்லாவிட்டால் அலை செங்குத்தாகும் இடத்தில் மூக்குக் குத்தும். மெல்லிய வளைவு நல்லது.

இன்னொரு சோதனை: பிள்ளை தானே பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடையில் இருந்து கடல் வரை போகவேண்டும். எங்கள் தெரிவில் மூன்று பலகைகள் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்றைக் காற்று இரண்டு முறை அவள் கையில் இருந்து திருப்பிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அம்மாவோ அப்பாவோ தூக்கிக்கொண்டு போகவேண்டிய பலகை என்றால், பிள்ளை அம்மாவும் அப்பாவும் இருக்கும்போது மட்டும்தான் ஓடும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பெற்றோர் கேட்பார்கள். ஒருவரும் பின்னால் தள்ளிவிடாமல் பிள்ளை தானே வலித்து, உடைவதற்கு முன்னமே அலையைப் பிடிக்கிறதா? முழங்காலில் தங்காமல் ஒரே எழுச்சியில் நிற்கிறதா? நேரே கரைக்கு வராமல் அலையின் ஓரமாக வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பிப் போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மாற்றலாம். தள்ளிவிட இன்னும் ஆள் தேவை என்றால் ஃபோம் போர்டிலேயே இருக்கட்டும். வெள்ளை நுரைக்குள் ஓடும் பிள்ளைக்குப் புதுப்பலகை எதையும் கூட்டிக் கொடுக்காது.

வாங்க முன்னம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அறுகம்குடா வீதியில் வாடகைக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று மாற்றித் தருவார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஓடிப் பார்ப்பது முக்கியம். விஸ்கி பொயின்ற், பேபி பொயின்ற் போன்ற அடக்கமான அலையில் பாருங்கள். மெயின் பொயின்ற்றின் அடியில் கல். அங்கே கூட்டமும் தேர்ச்சியும் வேறு. புதுப்பலகையை முதன்முதல் அங்கே கொண்டுபோகக் கூடாது.

கடினப் பலகை பற்றிப் பயம் வருவது நியாயம். ஃபோம் போர்ட் தலையில் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கண்ணாடிநார்ப் பலகையின் மூக்கும் அடியில் இருக்கும் ஃபின்களும் காயப்படுத்தும். மூக்குக்கு றப்பர் உறை ஒட்டினோம். விளிம்பு மெத்தென்று வளையும் ஃபின்கள் மூன்று போட்டோம். பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் பலகையின் நீளத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், பின்காலில் கட்டவேண்டும். பயம் தீராதவர்கள் 6 அடி அளவில் இன்னொரு ஃபோம் போர்ட் எடுக்கலாம். அதிலும் ஒரு பிள்ளை நன்றாக முன்னேறும்.

பழைய பலகை வாங்குவதில் பிழை இல்லை. வளரும் பிள்ளைக்குப் புதுப்பலகை வாங்குவதுதான் வீண்செலவு என்று நான் நினைக்கிறேன். கைவிரலால் மேற்பக்கம் முழுவதையும் அழுத்திப் பாருங்கள். அமுங்கும் இடம் இருந்தால் தோல் உள்ளிருக்கும் நுரையை விட்டுக் கழன்றுவிட்டது, வேண்டாம். ஃபின் பொருத்தும் குழியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, உடைவைச் சுற்றிப் பழுப்பு நிறம் பரவியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு என்றால் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பார்வைக்குக் காட்டுவதை விடக் கையில் பாரம் கூடத் தெரிந்தால் அதற்கும் அதுதான் காரணம்.

எங்கள் ஊருக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. வடமராட்சியில் ஃபைபர் படகு திருத்துபவர்கள் இருக்கிறார்கள். பலகை உடைந்தால் அவர்களிடம் கொண்டுபோகத்தான் மனம் வரும், அவர்களின் கைவேலையும் சிறந்தது. ஆனால் படகுக்குப் பூசுவது பெரும்பாலும் பொலியஸ்ரர் றெசின். பலகையின் உள்ளே பொலியூரிதேன் நுரை என்றால் அது பொருந்தும். எப்பொக்சிப் பலகைகளின் உள்ளே இருப்பது பொலிஸ்ரைறீன், ரெஜிஃபோம் பெட்டிகளில் இருக்கும் அதே வகை. பொலியஸ்ரர் றெசினில் உள்ள ஸ்ரைறீன் அதைக் கரைத்துவிடும். பூசிய இடத்தில் ஒரு பள்ளமே மிஞ்சும். எந்த வகைப் பலகை என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எப்பொக்சிக்கு எப்பொக்சி றெசின்தான் பூசவேண்டும். உடைந்த கணத்தில் கடலை விட்டு வெளியே எடுத்து, நன்னீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் அடைக்கவேண்டும்.

எங்கள் வெயிலும் பலகைக்கு எதிரி. பூட்டிய வாகனத்துக்குள் நண்பகலில் விட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தோல் கொப்பளிக்கும். கால் வழுக்காமல் பலகையின் மேலே பூசும் மெழுகு உருகி உறையெல்லாம் ஒட்டும். வெப்பநாட்டுக்குரிய கடின மெழுகுதான் வாங்கவேண்டும். ஊர் திரும்ப முன்னம் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீட்டில் வெயில் படாத அறையில் படுக்கையாக வைக்கிறோம்.

ஆனால் பலகை வருடம் முழுக்க அறையில் கிடப்பதில்லை. கசூரினாவின் அலையில்லாத தண்ணீர் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. அலைச்சறுக்கில் பெரும்பகுதி நேரம் போவது நிற்பதில் அல்ல, படுத்துக் கையால் வலிப்பதில். ஞாயிறு காலையில், சனம் வர முன்னம், அவள் கரைக்குச் சமாந்தரமாக வலித்துக்கொண்டு போவாள். நான் இடுப்பளவு தண்ணீரில் கூடவே நடப்பேன். நாடி பலகையின் மூக்குப் பக்கம் சரிந்தால் முன் தாழ்கிறது. நெஞ்சை நிமிர்த்தினால் வால் தாழ்கிறது. மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்கும் இடத்தை அவள் கண்டுபிடித்ததும், நாடி வரும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தோம். இப்போது படுத்தவுடன் நாடி தானாக அந்தப் புள்ளிக்குப் போகிறது. சொறிமுட்டை தெரியும் நாட்களில் இறங்குவதில்லை. லீஷ் அறுந்தாலும் பலகை இல்லாமல் கரைக்கு நீந்தி வர முடிகிறதா என்பதையும் அங்கேதான் சோதித்தோம். அது முடியாத பிள்ளைக்கு எந்தப் பலகையும் வாங்கக்கூடாது.

என் மாமியாருக்கு இதில் விருப்பம் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு சுனாமியை மணற்காட்டுக்குக் கிட்ட இருந்து பார்த்தவர். அறுகம்குடாவும் அன்றைக்கு அழிந்த கரைதான். பெண்பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்றும் கேட்டார். நான் வாதாடவில்லை. அதே அறுகம்குடாவில் சமாலி சஞ்சயா என்ற பெண்ணும் தோழிகளும் 2018இல் பெண்களுக்கென்றே ஒரு சறுக்கல் கழகம் தொடங்கியதைச் சொன்னேன். தமிழ்நாட்டின் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012இல் பள்ளி தொடங்கிக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கியதையும், மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துக் கமலி இந்திய அளவில் போட்டிகளில் ஓடுவதையும் காட்டினேன். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போன சனத்தின் பிள்ளைகள் அவர்கள். நாங்களும் அப்படித்தான். மாமி பிறகு ஒரு நாள் கசூரினாவுக்கு வந்து குடை பிடித்துக்கொண்டு கரையில் இருந்து பார்த்தார்.

ஒக்ரோபரில் அறுகம்குடாவின் பருவம் முடியும்போது வெளிநாட்டவர்களும் வாடகைக் கடைக்காரரும் பழைய பலகைகளை விற்பார்கள். வாங்க நினைப்பவர்களுக்கு அது நல்ல நேரம். போக முன்னம் பிள்ளையின் நிறையைத் தராசில் பாருங்கள், அடுத்த வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பார்த்து, பிள்ளை இல்லாமல், பலகை வாங்கிவிடாதீர்கள்.