அப்பா காருக்கு அடியில்

எங்கள் வீட்டுக் காருக்கு வயது 22. தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குக் கிளம்பும் முன் ஜாக் வைத்தேன். ஜாக் ஏறியது, கார் ஏறவில்லை. தகடு 'கருக்'கென்று உள்ளே போனது. மேலே பெயின்ட் பளபளப்புதான்!

இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். பெயின்ட் உப்பி வெடிக்கும், அந்த வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும். நம்ம ஊர் மழை போதாதென்று, ஏர்கோன் தண்ணீர்க் குழாய் அடைத்தாலும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் தேங்கும். தூக்கிப் பாருங்கள்.

தகட்டைவிட எனக்குப் பயம் பிரேக் குழாய்தான். மெல்லிய எஃகு. வெளியே சேறு, உள்ளே பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதை இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்வது சும்மா இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி இறங்கிக்கொண்டே போனால் ஓட்டாதீர்கள்.

மலேசியாவில் சொந்தக் காருக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. பெயர் மாற்றும்போது பார்ப்பார்கள். அப்பா பெயரிலேயே 20 வருஷம் கிடந்தால் யார் பார்ப்பது?

"காடி ஓடுதுல்லடா?" என்றார் அப்பா. பட்டறைக்காரர் கையில் உதிர்ந்த தகட்டைப் பார்த்ததும் பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கு பஸ்ஸில் போனோம்.