கைக்கோடு

டி-ஸ்கொயர் இல்லாமல் நமக்கு ஒரு கோடு நேரா வருமா? எங்க கணியம்பாடி லாரி பட்டறைக்கு ஊர் ஊராகச் சுற்றி வந்த பெயிண்டர் தாத்தாவுக்கு வரும். அவர் பிரஷில் முடி விரல் நீளம். அதனால் பெயிண்ட் நிறையத் தாங்கும், சின்ன நடுக்கம் கோட்டில் தெரியாது. சுண்டுவிரலை லாரி பாடியில் ஊன்றி, பிரஷைப் பார்க்காமல் கோடு போக வேண்டிய இடத்தைப் பார்த்தே இழுப்பார்.

அமெரிக்காவில் கார்களுக்கு இப்படிக் கோடு போட்டே பேர் வாங்கியவர் வான் டச் (1929–1992). நம்ம சென்னை திருவொற்றியூர் ஆலையில் புல்லட் டாங்கிக்கும் இதே கைவேலைதான் நடந்தது. 2023-இல் வந்த புல்லட் 350 சிலவற்றிலும் தங்கக் கோடு கையால் போட்டதே. டாங்கி வளைவில் ஸ்கேல் உட்காராதே!

எங்க வீட்டில் படித்தவர் யாருமில்லை. எனக்குப் பென்சில் பிடிக்கக் காட்டியவர் அந்தத் தாத்தாதான். ஸ்டிக்கர் வந்ததும் அவர் வருவது நின்றுபோச்சு. என் முதல் டிராயிங் ஷீட்டைக் கொண்டுபோய்க் காட்டலாம்னா, அவர் எந்த ஊர் என்று நான் கேட்டு வைக்கவில்லை.