ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் முன்...

என் அக்கா ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பி.எச்டி. செய்கிறார். எங்கள் ஊர் ஏரியில் ஐந்து இடங்களில், மாதம் ஒரு முறை, ஓராண்டு முழுக்கத் தண்ணீர் எடுத்துச் சோதித்து, அதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. நிராகரிப்புக்கூட இல்லை. யாரும் அறிவியலைப் படிக்கவே இல்லை. வரி எண்கள் இல்லை, படங்களில் தெளிவு போதாது, மேற்கோள் பட்டியல் எங்கள் முறையில் இல்லை, கட்டுரைக்குள் ஆசிரியர் பெயர் தெரிகிறது, சரிசெய்து அனுப்பவும் என்று நாலு வரியில் ஒரு மெயில்.

"ஏன்டா, சாஃப்ட்வேர் இன்ஜினியர்னு பேரு. இதைக்கூடப் பண்ணித் தர மாட்டியா?" என்று அக்கா லேப்டாப் முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டார். இரண்டு வார இறுதிகள் போயின. அப்போது கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்களுக்கும் உதவும். எம்.எஸ். வேர்டின் புதிய பதிப்புகளை வைத்துச் சொல்கிறேன். இலவசமான லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரிலும் இவற்றில் பெரும்பாலானவை உண்டு, மெனு பெயர்கள்தான் மாறும்.

முதலில் ஜர்னலின் இணையதளத்தில் 'கைடு ஃபார் ஆத்தர்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்து பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் எத்தனை வார்த்தை, படம் எந்த வகை ஃபைல், மேற்கோள் எந்த முறை, எல்லாம் அதில் இருக்கும். அக்கா அதைப் படிக்காமலே அனுப்பியிருந்தார். கேட்டால், "எல்லா ஜர்னலும் ஒண்ணுதானே" என்கிறார். இல்லை.

வேர்டில் செய்ய வேண்டியவை

கட்டுரை முழுவதையும் கண்ட்ரோல் + ஏ அழுத்தித் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + 2 அழுத்தினால் வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி வந்துவிடும். லேஅவுட் டேபில் லைன் நம்பர்ஸ் என்பதைக் க்ளிக் செய்து கன்டின்யுவஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எண்கள் ஓடும். கட்டுரையை மதிப்பிடுபவர் "142-ஆம் வரியில் சந்தேகம்" என்று எழுத இது வேண்டும். புதிய பக்கம் தொடங்க என்டர் கீயைப் பத்து முறை தட்டாதீர்கள். கண்ட்ரோல் + என்டர் ஒரு முறை போதும்.

தலைப்புகளை போல்டு செய்து எழுத்தைப் பெரிதாக்குவது பழைய பழக்கம். அதற்குப் பதில் ஹோம் டேபிலுள்ள ஹெட்டிங் 1, ஹெட்டிங் 2 ஸ்டைல்களைப் பயன்படுத்துங்கள். வியூ மெனுவில் நேவிகேஷன் பேனை டிக் செய்தால் கட்டுரையின் எலும்புக்கூடு இடப்பக்கம் தெரியும். முன்னுரை, ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்ற வழக்கமான வரிசையில் எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் பிடிபடும். அக்காவின் கட்டுரையில் விவாதத்துக்குள் ஆய்வுமுறை இரண்டு பத்தி ஒளிந்திருந்ததை இதில்தான் கண்டுபிடித்தோம்.

இங்கே நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நீரின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் என்பதை ஆங்கிலத்தில் சின்ன பி, பெரிய ஹெச் போட்டு எழுத வேண்டும். அக்கா சில இடங்களில் இரண்டையும் சின்ன எழுத்தாக அடித்திருந்தார். நான் கெட்டிக்காரத்தனமாகக் கண்ட்ரோல் + ஹெச் அழுத்தி, ரீப்ளேஸ் ஆல் கொடுத்துவிட்டேன். பாஸ்பேட், கிராஃப், மார்ஃபாலஜி என்று அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும் எல்லாச் சொற்களின் நடுவிலும் பெரிய ஹெச் முளைத்துவிட்டது! கண்ட்ரோல் + இசட் காப்பாற்றியது. ரீப்ளேஸ் விண்டோவில் மோர் என்ற பட்டனை அழுத்தினால் 'ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி', 'மேட்ச் கேஸ்' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். இரண்டையும் டிக் செய்துவிட்டுத் தேடுங்கள். ரீப்ளேஸ் ஆல் வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

தமிழில் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. நீங்களும் மாறிவிடுங்கள்.

எக்ஸெல் செய்த வேலை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எனக்கு வியர்த்துவிட்டது.

அக்கா மாதிரிகளுக்கு எளிமையாகப் பெயர் வைத்திருந்தார். மூன்றாம் இடம், முதல் மாதம் என்றால் 3-1. நான்காம் இடம், ஏழாம் மாதம் என்றால் 4-7. பாஸ்பேட் அளவுகளை மட்டும் ஒரு மாணவி எக்ஸெலில் டைப் செய்து கொடுத்திருந்தார். எக்ஸெல் என்ன செய்யும்? 3-1 என்று அடித்தால் அதைத் தேதி என்று நினைத்து, ஜனவரி 3 என்று மாற்றிவிடும். 4-7 ஜூலை 4 ஆகிவிடும். அக்கா அந்தப் பத்தியைப் பார்த்து, மாதிரி எடுத்த தேதிகளைத்தான் மாணவி அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஐந்து இடங்கள், ஒவ்வொரு மாதமும் முதல் ஐந்து தேதிகள். சந்தேகமே வராது.

பிறகு அந்தப் பத்தியை வைத்து அட்டவணையை வரிசைப்படுத்தி, முதல் 12 வரிகள் முதல் இடம், அடுத்த 12 இரண்டாம் இடம் என்று சராசரி எடுத்திருக்கிறார். ஆனால் எக்ஸெல் தேதிப்படி அடுக்கியதில் முதல் 12 வரிகளில் எல்லா இடங்களின் ஜனவரி, பிப்ரவரி மாதிரிகளும் மார்ச்சில் இரண்டும் கலந்து உட்கார்ந்துவிட்டன. கட்டுரையில் இடத்துக்கு இடம் பாஸ்பேட் மாறுகிறது என்று காட்டிய படம் உண்மையில் பருவத்துக்குப் பருவம் மாறுவதைத்தான் காட்டியது. சாக்கடை வந்து கலக்கும் நான்காம் இடத்தின் கதையே அதில் காணாமல் போயிருந்தது. வயல் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டபோது அக்கா பேசாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கட்டுரை திரும்பி வந்தது அதிர்ஷ்டம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. மரபணு ஆராய்ச்சியாளர்கள் மார்ச், செப்ட் என்று தொடங்கும் பெயருள்ள ஜீன்களை எக்ஸெலில் அடித்து, அவை தேதியாக மாறிப்போனதை 2004-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸெல் ஜீன் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. கடைசியில் 2020-இல் அந்த ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

தடுப்பது எளிது. டைப் செய்யும் முன் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, ரைட் க்ளிக் செய்து, ஃபார்மேட் செல்ஸ் போய் டெக்ஸ்ட் என்று கொடுங்கள். டைப் செய்த பிறகு மாற்றினால் பயனில்லை. 2024-இல் அடித்த 3-1, 45294 என்ற எண்ணாகத்தான் வரும். எக்ஸெல் தேதிகளை உள்ளுக்குள் அப்படித்தான் வைத்திருக்கிறது. 2023-க்குப் பிறகு வந்த மைக்ரோசாஃப்ட் 365 எக்ஸெலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால், ஜீன் பெயர்கள்போல் எழுத்தும் எண்ணும் ஒட்டி வருபவை தேதியாக மாறுவதை நிறுத்த வழியுண்டு, ஆனால் 3-1 போன்றவற்றுக்கு அது உதவாது. என்னைக் கேட்டால், 3-1 என்று வைக்காமல் 'இடம்3மாதம்1' என்பதுபோல் எழுத்து கலந்து பெயர் வைப்பதே நல்லது.

படங்கள்

ஜர்னல் கேட்பது 300 டிபிஐ. அதாவது அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். எல்செவியர் ஜர்னல்களில் ஒரு பத்தியின் அகலம் 90 மில்லிமீட்டர், சுமார் மூன்றரை அங்குலம். எனவே படத்துக்குக் குறைந்தது 1063 பிக்சல் அகலம் வேண்டும். பக்கம் முழுவதும் வரும் படமென்றால் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். படத்தின் மீது ரைட் க்ளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் பார்த்தால் பிக்சல் அளவு தெரியும். அக்கா எக்ஸெல் சார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருந்தார். 600 பிக்சல். அதை ஏதாவது சாஃப்ட்வேரில் இழுத்துப் பெரிதாக்கி 300 என்று எண்ணை மாற்றுவது, பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது மாதிரிதான்.

சார்ட்டை ஒரு முறை க்ளிக் செய்து தேர்ந்தெடுத்துவிட்டு, ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் போய் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அந்தச் சார்ட் மட்டும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடுகளாக வரும். கோட்டுப் படங்களுக்குப் பல ஜர்னல்கள் பிடிஎஃப் ஏற்கின்றன. மைக்ரோஸ்கோப் புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வேர்டும் படங்களைச் சுருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

மேற்கோள்களும் பெயர்களும்

மேற்கோள் பட்டியலைக் கையால் அடிப்பது இனி வேண்டாம். ஸொட்டேரோ என்ற இலவச சாஃப்ட்வேர் 2006-இலிருந்து இருக்கிறது. அதையும் பிரவுசருக்கான அதன் கனெக்டரையும் நிறுவிக்கொண்டால், கட்டுரைப் பக்கத்தில் ஒரு க்ளிக்கில் விவரம் சேமிக்கப்படும். வேர்டில் ஸொட்டேரோ என்று ஒரு டேப் வரும். வேண்டிய இடத்தில் மேற்கோளைச் செருகினால், இறுதியில் பட்டியலைத் தானே தயாரிக்கும். நாளை வேறு ஜர்னலுக்கு அனுப்ப நேர்ந்தால் டாக்குமென்ட் ப்ரிஃபரன்சஸில் ஸ்டைலை மாற்றினால் போதும், 60 மேற்கோளும் ஒரு நிமிடத்தில் மாறும். கண்ணை மூடி நம்பாதீர்கள். உயிரினங்களின் அறிவியல் பெயர்கள் சாய்வெழுத்தில் வந்திருக்கின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஏஐ சாட்பாட்டிடம் மேற்கோள் கேட்டு வாங்கியிருந்தால் ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் தேடிச் சரிபாருங்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் தருவதில் அவை கில்லாடி. ஏஐ உதவி பெற்றிருந்தால் அதையும் கட்டுரையில் குறிப்பிடச் சொல்லிப் பல ஜர்னல்கள் கேட்கின்றன.

சில ஜர்னல்களில் எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது. அக்கா முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டார். ஆனால் ஃபைல், இன்ஃபோ போய்ப் பார்த்தால் ஆத்தர் என்ற இடத்தில் என் பெயர்! லேப்டாப் என்னுடையது அல்லவா. முதலில் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அதே இன்ஃபோ பக்கத்தில் செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் கொடுத்து, காட்டும் சொந்த விவரங்களை ரிமூவ் ஆல் செய்யுங்கள். நன்றியுரையையும் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

மூன்று நாளில் வெளியீடா?

கட்டுரை திரும்பி வந்த அன்றே அக்காவுக்கு இன்னொரு மெயில் வந்தது. மதிப்புக்குரிய பேராசிரியரே என்று தொடங்கி, மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் அனுப்புங்கள் என்றது. கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022-இல் நீக்கிவிட்டாலும், அக்காவின் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறது. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் பணம் அனுப்பும் பக்கம்வரை போய்விட்டார்.

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்குச் சான்று அல்ல, அது வெறும் அடையாள எண். யூஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே நாமே பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் கல்லூரிப் பக்கத்தில் அந்த ஜர்னலைக் குறிப்பிடுகிறார்களா? இலவசமாகப் படிக்கத் தரும் ஜர்னல் என்றால் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா? 'திங்க், செக், சப்மிட்' என்ற இணையதளத்தில் இப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. அந்த மெயில்காரர்கள் ஒன்றிலும் தேறவில்லை. இன்னொன்று, அவசரத்தில் ஒரே கட்டுரையை இரண்டு ஜர்னல்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடாதீர்கள். அது பெரிய தவறாகக் கருதப்படுகிறது.

அனுப்பும் நாளில் ஆர்க்கிட் எண் கேட்பார்கள். 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் வேண்டும். ஃபைல்களை ஏற்றி முடித்ததும் ஜர்னலின் சிஸ்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடிஎஃப் தயாரிக்கும். அதைத் திறந்து படங்கள், குறியீடுகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகு அப்ரூவ் என்பதை அழுத்த வேண்டும். அக்கா பிடிஎஃப் வந்ததுமே வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டார். நான்கு நாள் கழித்து நான் பார்த்தபோது கட்டுரை 'ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற இடத்திலேயே கிடந்தது. அழுத்தினோம். இப்போது அந்த இடத்தில் 'அண்டர் ரிவ்யூ' என்று காட்டுகிறது. அக்கா தினமும் காலையில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.